மும்பைக்கு முதல்முறை வருகிறீர்களா? லோக்கல் ரயிலிலிருந்து ஆரம்பிக்கலாம்

ஊரிலிருந்து யாராவது மும்பைக்குக் கிளம்புவதாகச் சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: எந்த ஸ்டேஷன் பக்கம் தங்கப்போகிறீர்கள், அது கிழக்கா மேற்கா? பலரிடம் பதில் இருக்காது. “அந்தேரியில்தான்” என்பார்கள். விடுதி அந்தேரி கிழக்கில் இருக்க, நீங்கள் மேற்குப் பக்கம் வெளியே வந்து ஆட்டோ பிடித்துவிட்டால், சாயங்கால நெரிசலில் தண்டவாளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய்ச் சேரவே அரை மணிக்கு மேல் ஆகலாம். நேர்காணலுக்கோ, பரேலில் இருக்கும் டாடா மெமோரியல் மருத்துவமனைக்கோ, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கோ, எதற்கு வந்தாலும் சரி, முதல் சில நாள் தடுமாறாமல் இருக்க என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் முன்பின் தெரியாதவரிடம் நின்று நலம் விசாரிக்கும் பழக்கம் குறைவு. அதற்காக மனிதர்கள் கடுமையானவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்தவருடைய நேரத்தையும் வழியையும் மறிக்காமல் இருப்பதுதான் இங்கே மரியாதை. வழி கேட்டால் நடந்துகொண்டே பதில் சொல்வார்கள். நீங்களும் கூட நடந்துகொண்டே கேட்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லப்போகும் பல விஷயங்கள் தானாகப் புரியும்.

கிளம்பும் முன்: ஊரை ஒரு தாளில் வரைந்து பாருங்கள்

மும்பை வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது. தெற்கு முனையில் கொலாபா, ஃபோர்ட், நரிமன் பாயின்ட். வடக்கே போகப் போகப் புறநகர்கள். இந்த நீளத்துக்கு மூன்று முக்கியமான லோக்கல் பாதைகள். மேற்கு ரயில்வே சர்ச்கேட்டில் தொடங்கி தாதர், பாந்த்ரா, அந்தேரி, போரிவ்லி வழியாக விரார் தாண்டிப் போகிறது. மத்திய ரயில்வே சிஎஸ்எம்டி என்கிற சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸில் தொடங்கி தாதர், குர்லா, காட்கோபர், தாணே வழியாகக் கல்யாணுக்குப் போய் அங்கே இரண்டாகப் பிரிகிறது. ஹார்பர் பாதையும் சிஎஸ்எம்டியில்தான் தொடங்குகிறது. குர்லா, செம்பூர், வாஷி வழியாகப் பன்வேல் போகிறது. அதில் ஒரு கிளை கோரேகாவ் பக்கம் திரும்பும். மேற்குப் பாதையிலிருந்து மத்தியப் பாதைக்கு மாற வேண்டுமென்றால் தாதர்.

1853 ஏப்ரல் 16 அன்று இன்றைய சிஎஸ்எம்டி இருக்கும் போரி பந்தரிலிருந்து தாணேவுக்கு 34 கிலோமீட்டர் ஓடியதுதான் இந்தியாவின் முதல் பயணிகள் ரயில். ஊர் அதன் பிறகு தண்டவாளத்தை ஒட்டியே வளர்ந்தது. அதனால்தான் இங்கே முகவரி என்றால் ஸ்டேஷன் பெயர், தூரம் என்றால் நிமிஷக் கணக்கு. தங்குமிடத்தைப் பதிவு செய்யும்போதே கிட்டத்து ஸ்டேஷன் எது, கிழக்கா மேற்கா, ஸ்டேஷனிலிருந்து நடக்க முடியுமா என்று மூன்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அறை வாடகையில் கொஞ்சம் மிச்சம் பிடிக்க ஸ்டேஷனை விட்டு வெகுதூரம் போவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். மிச்சம் பிடித்தது ஆட்டோவுக்கும் அலைச்சலுக்கும் போய்விடும்.

பெயர்களில் சில குழப்பங்கள் உண்டு. மும்பை சென்ட்ரல் என்ற ஸ்டேஷன் மத்திய ரயில்வேயில் இல்லை. அது மேற்கு ரயில்வேயில் இருக்கிறது. மத்திய ரயில்வேயின் தலைமை இடம் சிஎஸ்எம்டி. பழைய விக்டோரியா டெர்மினஸ் இதுதான். டாக்சிக்காரர்கள் பலர் இன்றும் வி.டி. என்றே சொல்வார்கள். மாட்டுங்கா மத்தியப் பாதையில், மாட்டுங்கா ரோடு மேற்குப் பாதையில். எல்ஃபின்ஸ்டன் ரோடு 2018 முதல் பிரபாதேவி. யாராவது பழைய பெயரைச் சொன்னால் தப்பாகச் சொல்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம்.

வந்து இறங்கும் நாள்

தமிழ்நாட்டிலிருந்து வரும் ரயில்களில் சில சிஎஸ்எம்டி வரை போகும், சில லோக்மான்ய திலக் டெர்மினஸில் நின்றுவிடும். இந்த இரண்டாவதை எல்டிடி என்பார்கள், குர்லா டெர்மினஸ் என்றும் சொல்வார்கள். உங்கள் டிக்கெட்டில் எது என்று பார்த்துவிட்டு, அழைத்துப்போக வருகிறவரிடம் அந்தப் பெயரையே சொல்லுங்கள். “மும்பையில் இறங்குகிறேன்” என்று மட்டும் சொன்னால் அவர் ஒரு இடத்தில், நீங்கள் ஒரு இடத்தில் நிற்க வேண்டியதாகிவிடும். எல்டிடியிலிருந்து நடக்கிற தூரத்தில் ஹார்பர் பாதையின் திலக் நகர் ஸ்டேஷன் இருக்கிறது. கையில் ஒரு பைதான் என்றால் அங்கிருந்தே லோக்கல் பிடிக்கலாம்.

பெரிய சூட்கேஸ் இருந்தால் முதல் நாள் லோக்கல் வேண்டாம். காலை 8 முதல் 11 வரை, மாலை 5.30 முதல் 8.30 வரை நிச்சயமாக வேண்டாம். நீங்கள் படும் கஷ்டம் ஒருபுறம். அந்த ஒரு பெட்டி வாசலில் நின்றால் ஒரு ஸ்டேஷன் கூட்டமே ஏற முடியாமல் தவிக்கும்.

விமானத்தில் வருகிறவர்கள் டிக்கெட்டில் எந்த விமான நிலையம், எந்த டெர்மினல் என்று பாருங்கள். 2025 கடைசியில் நவி மும்பை விமான நிலையமும் இயங்க ஆரம்பித்துவிட்டது. அது பன்வேல் பக்கம், பழைய விமான நிலையத்திலிருந்து வெகுதூரம். பழைய விமான நிலையத்தின் இரண்டு டெர்மினல்களுக்கும் இப்போது மெட்ரோ வந்துவிட்டது. ஆரே முதல் கஃப் பரேட் வரை தரைக்கு அடியில் ஓடும் 3ஆம் எண் மெட்ரோ 2025 அக்டோபரில் முழுமையானது. தாதர், சித்தி விநாயக், சிஎஸ்எம்டி, சர்ச்கேட் எல்லாம் அதில் வருகின்றன. மூட்டை முடிச்சோடு தெற்கு மும்பைக்குப் போகிறவர்களுக்கு இதைவிட நிம்மதியான வழி இல்லை.

டிக்கெட்

லோக்கலில் இரண்டாம் வகுப்பின் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். கவுன்ட்டரில் வரிசை நீளமாக இருக்கும். தானியங்கி இயந்திரங்கள் உண்டு; இல்லாவிட்டால் ரயில்வேயின் செல்பேசிச் செயலியில் எடுக்கலாம். செயலியில் எடுப்பதாக இருந்தால் வீட்டிலோ ரோட்டிலோ இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் செயலியில் டிக்கெட் எடுக்க முடியாமல் போகலாம். சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு 1, 3, 5 நாள் சுற்றுலா டிக்கெட்டும் இருக்கிறது, கவுன்ட்டரில் கேளுங்கள்.

புதியவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்வது முதல் வகுப்புப் பெட்டியில்தான். சாதாரண லோக்கலில் வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு வகுப்பும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். கூட்டம் கொஞ்சம் குறைவாக இருக்கிறதே என்று ஏறிவிட்டால் அபராதம். பயணக் கட்டணம் போகக் குறைந்தது 250 ரூபாய். ஏறும் முன் வாசலுக்குப் பக்கத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டியும் தனியாக உண்டு. அது காலியாக இருந்தாலும் மற்றவர்கள் ஏறக் கூடாது.

லோக்கலில் ஏறுவது, நிற்பது, இறங்குவது

பிளாட்பாரத்தில் தொங்கும் இண்டிகேட்டரை வாசிக்கப் பழகுங்கள். ரயில் கடைசியாகப் போகும் ஊர், கிளம்பும் நேரம், ஸ்லோவா ஃபாஸ்ட்டா, 12 பெட்டியா 15 பெட்டியா என்று எல்லாம் அதில் இருக்கும். ஸ்லோ எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும். ஃபாஸ்ட் குறிப்பிட்ட இடங்களில்தான். சர்ச்கேட்டிலிருந்து கிளம்பும் ஃபாஸ்ட் பெரும்பாலும் மும்பை சென்ட்ரல், தாதர், பாந்த்ரா, அந்தேரி, போரிவ்லி என்று தாவிப் போகும். முதல் நாள் ஸ்லோவிலேயே போங்கள். பத்துப் பதினைந்து நிமிஷம் அதிகமாகும், ஆனால் ஸ்டேஷனைத் தவறவிட்டாலும் அடுத்ததில் இறங்கித் திரும்பிவிடலாம்.

கூட்டத்துக்கு ஒரு திசை உண்டு. காலையில் எல்லோரும் தெற்கே போவார்கள், மாலையில் வடக்கே. நீங்கள் எதிர்த்திசையில் போகும்படி வேலைகளை அமைத்துக்கொள்ள முடிந்தால் நல்லது. பாந்த்ரா, அந்தேரிப் பக்கம் அலுவலகங்கள் பெருகிய பிறகு எதிர்த்திசையும் முன்போலக் காலியாக இல்லைதான். ஆனாலும் வித்தியாசம் தெரியும்.

ரயில் வரும்போது வாசலுக்கு நேரே நிற்காமல் ஓரமாக நில்லுங்கள். இறங்குகிறவர்கள் அந்த வழியாகத்தான் வருவார்கள், மறித்தால் தள்ளிக்கொண்டு வருவார்கள். ரயில் நிற்பதற்குள் சிலர் பாய்ந்து ஏறுவதைப் பார்ப்பீர்கள். அதைச் செய்ய முயலவே வேண்டாம். ரயில் நின்ற பிறகு ஏறி, தூரமாகப் போகிறவராக இருந்தால் வாசலை விட்டு உள்ளே, இருக்கைகளுக்கு நடுவே போய்விடுங்கள். வாசலிலேயே நின்றால் தாதரிலோ அந்தேரியிலோ இறங்கும் கூட்டம் உங்களையும் சேர்த்து இறக்கிவிடும். அப்படி ஆகிவிட்டால் எதிர்த்து நிற்காதீர்கள். கூடவே இறங்கி, ஓரமாக நின்று, திரும்ப ஏறுங்கள்.

தோள்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மேலே இருக்கும் தட்டில் வையுங்கள். முதுகில் பை மாட்டியவர் இரண்டு பேர் இடத்தை அடைத்துக்கொள்கிறார் என்பதுதான் இங்கே அடிக்கடி கேட்கும் சண்டை. அந்தத் தட்டுக்கு எட்டாதவர் தம் பையை நீட்டினால் வாங்கி வைக்க வேண்டும். யாரும் சொல்லாமலே எல்லோரும் செய்வது. வாசலோரமும் ஜன்னலோரமும் செல்பேசியை நீட்டிக்கொண்டிருக்காதீர்கள். தண்டவாளப் பக்கமிருந்து கம்பால் கையில் அடித்துப் பறிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மூன்று பேர் இருக்கையில் நான்கு பேர் உட்கார்வது இங்கே எழுதாத சட்டம். நான்காவது ஆள் வந்து நின்று லேசாகத் தலையசைத்தால் மற்ற மூவரும் நகர்ந்து இடம்கொடுப்பார்கள். பாதி உடம்பு வெளியே இருந்தாலும் அது இருக்கைதான். நீங்கள் மூவரில் ஒருவராக இருந்தால் நகர்ந்துவிடுங்கள். உட்கார்ந்திருப்பவரிடம் நிற்கிறவர் “கிதர் உதரேங்கே?” என்று கேட்டால் வம்புக்கு வருகிறார் என்று நினைக்காதீர்கள். நீங்கள் எங்கே இறங்குவீர்கள் என்று கேட்டு, அந்த இடத்தை முன்கூட்டியே சொல்லி வைக்கிறார். ஸ்டேஷன் பெயரைச் சொன்னால் போதும். உங்களிடம் முதலில் கேட்டவருக்குத்தான் அந்த இடம். எழுந்திருக்கும்போது வேறு யாருக்கும் கொடுத்துவிடக் கூடாது. கைக்குழந்தைக்காரரோ மிகவும் வயதானவரோ வந்தால் மட்டும் இந்த வரிசை கலையும்.

இறங்கும் வேலை இரண்டு ஸ்டேஷனுக்கு முன்பே ஆரம்பிக்கிறது. முன்னால் நிற்பவரின் தோளை லேசாகத் தொட்டு, நீங்கள் இறங்கும் ஸ்டேஷன் பெயரைச் சொல்லி “தாதர் உதர்னா ஹை?” என்று கேளுங்கள். ஆமாம் என்றால் அவர் பின்னாலேயே நின்றுகொள்ளலாம். இல்லையென்றால் அவரே விலகி உங்களை முன்னால் விடுவார். பிளாட்பாரம் எந்தப் பக்கம் வரும் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள், தப்பான பக்கம் நின்றால் கடைசி நொடியில் குறுக்கே போக முடியாது. இன்னொன்று, கூட்ட நேரத்து விரார் ஃபாஸ்ட்டில் போரிவ்லிக்கோ அந்தேரிக்கோ போக ஏறாதீர்கள். விரார்வாசிகளுக்கு நீண்ட தூரத்துக்கு அது ஒன்றுதான் வழி, கிட்டத்தில் இறங்குகிறவர்களை அவர்கள் இறங்கவிடாமல் திட்டித் தீர்ப்பதும் உண்டு. அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. கிட்டத்தில் இறங்குகிறவர்களுக்கு வேறு ரயில்கள் நிறைய.

பெண்களுக்குத் தனிப் பெட்டிகள் உண்டு. சில 24 மணி நேரமும் பெண்களுக்கானவை, சில குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும்; வாசலில் எழுதியிருக்கும். தனியாக வரும் பெண்களுக்கு நான் கூட்ட நேரத்தில் இந்தப் பெட்டியைத்தான் சொல்வேன். குடும்பமாக வந்தால் ஆண்களும் பெண்களும் வேறு வேறு பெட்டியில் போக நேரும். அதனால் ஏறும் முன்பே எந்த ஸ்டேஷனில் இறங்குவது, இறங்கி எங்கே நிற்பது என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். யாராவது ஏற முடியாமல் நின்றுவிட்டால், போனவர் இறங்க வேண்டிய ஸ்டேஷனில் இறங்கிக் காத்திருக்க வேண்டும். பதறிப்போய் ஓடும் ரயிலிலிருந்து இறங்கவே கூடாது.

தண்டவாளத்தைக் குறுக்கே கடக்காதீர்கள், எத்தனை பேர் கடந்தாலும் சரி. நடைமேம்பாலத்தில் ஏறினால் நடுவில் நின்று செல்பேசி பார்க்காதீர்கள். 2017 செப்டம்பர் 29 அன்று எல்ஃபின்ஸ்டன் ரோடு பாலத்தில், மழைக்கு ஒதுங்கி நின்ற கூட்டமும் ரயிலிலிருந்து இறங்கி வந்த கூட்டமும் சேர்ந்து நெருக்கியதில் 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். இந்த ஊர்க்காரர்கள் பாலத்தில் நிற்கிறவரை அதட்டுவது அதனால்தான்.

ஆட்டோ, டாக்சி, பஸ்

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும்: இங்கே ஆட்டோவில் பேரம் கிடையாது. ஏறி உட்கார்ந்து இடத்தைச் சொன்னால் மீட்டர் போடுவார்கள், மீட்டரில் வந்ததைக் கொடுக்க வேண்டும். 2025 பிப்ரவரி முதல் ஆட்டோவுக்குக் குறைந்தபட்சம் 26 ரூபாய், கருப்பு மஞ்சள் டாக்சிக்கு 31 ரூபாய். நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை கால் பங்கு கூடுதல். ஸ்டேஷன் வாசலிலும் விமான நிலையத்திலும் பையைப் பிடித்து இழுத்து மொத்தமாக ஒரு தொகை சொல்கிறவர்களை மட்டும் கடந்து வந்துவிடுங்கள். சில்லறை கையில் இருக்கட்டும்; “சுட்டா ஹை க்யா?” என்பது நீங்கள் அதிகம் கேட்கப்போகும் கேள்வி.

மேற்கில் பாந்த்ராவுக்கும் கிழக்கில் சயனுக்கும் தெற்கே ஆட்டோ போகாது. அங்கே டாக்சிதான். ஆட்டோக்காரர் பாந்த்ராவோடு நிறுத்திக்கொண்டால் ஏமாற்றுகிறார் என்று சண்டை போட வேண்டாம். ஸ்டேஷன்களுக்கு வெளியே ஷேர் ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் வரிசை நிற்கும். பத்துப் பேர் நிற்கிறார்கள் என்றால் பதினோராவதாகப் போய் நில்லுங்கள். வரிசையை இந்த ஊர் உயிராக மதிக்கிறது. ‘பெஸ்ட்’ என்கிற சிவப்பு நகரப் பஸ்களில் முகப்பில் எண் தேவநாகரி இலக்கத்தில் இருப்பதுண்டு, பக்கவாட்டில் பார்த்தால் நமக்குப் புரியும் எண் கிடைக்கும்.

பேச்சு, சாப்பாடு

இந்தி சரளமாக வர வேண்டியதில்லை. “தாதா, தாதர் ஸ்டேஷன் குடே ஆஹே?” என்று ஒரே ஒரு மராத்தி வாக்கியத்தில் ஆரம்பித்தால் முகம் மலரும். தாதா என்றால் அண்ணன், குடே ஆஹே என்றால் எங்கே இருக்கிறது. வயதானவரைக் காகா, அக்கா வயதுப் பெண்களைத் தாயி, பெரியம்மா வயதுப் பெண்களை மாவ்ஷி என்று கூப்பிடலாம். அதற்கு மேல் பேச்சு நீண்டால் “மலா மராட்டி யேத் நாஹி”, அதாவது எனக்கு மராத்தி வராது என்று சொல்லிவிட்டுத் தெரிந்த மொழியில் தொடருங்கள். மராத்தியில் எழுதியிருப்பதையோ பேசுவதையோ கேலி செய்வது மட்டும் கூடவே கூடாது.

வடா பாவ் கடையில் காசைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு கேளுங்கள். வாங்கியதும் ஓரமாக வந்து சாப்பிடுங்கள். டீ வேண்டுமென்றால் “கட்டிங்” என்று சொன்னால் அரை கிளாஸ் கொடுப்பார்கள், நம் நாக்குக்கு அந்த அளவே போதும். நம்மூர்ச் சாப்பாடு தேடினால் மத்தியப் பாதையில் இருக்கும் மாட்டுங்காவில் இறங்கிக் கிழக்குப் பக்கம் வாருங்கள். 1940இல் தொடங்கிய கஃபே மெட்ராஸ், ஸ்டேஷனை ஒட்டியே வாழையிலைச் சாப்பாடு போடும் ராமா நாயக்கின் உடுப்பி உணவகம் என்று பழைய இடங்கள் இன்றும் நடக்கின்றன. ஞாயிறு காலையில் பெயர் எழுதிக்கொடுத்துக் காத்திருக்க வேண்டும். தெரியாதவர்களோடு ஒரே மேசையில் உட்கார வைப்பார்கள். சாப்பிட்டு முடித்ததும் எழுந்துவிடுங்கள், பின்னால் ஒரு குடும்பம் நிற்கும்.

தாராவிக்குப் போக வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கமிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்து தோல் தொழிலில் இறங்கிய தமிழர்களின் வாரிசுகள் அங்கே வாழ்கிறார்கள். 90 அடி ரோட்டில் தமிழ்ப் பலகைகளைப் பார்க்கலாம், பொங்கலன்று தெருவிலேயே பானை வைத்துப் பொங்குவார்கள். போங்கள், கடையில் சாப்பிடுங்கள், தோல்பை வாங்குங்கள். ஆனால் சந்துகளுக்குள் செல்பேசியை நீட்டிப் படம் எடுக்காதீர்கள். அவை வீடுகள், கதவு திறந்திருப்பது இடம் போதாததால். படம் வேண்டுமென்றால் கேட்டுவிட்டு எடுங்கள். நம்மவர்கள் என்ற உரிமையில் கேட்காமல் எடுப்பதுதான் அவர்களை அதிகம் புண்படுத்துகிறது.

மழைக்காலத்தில் வந்தால்

ஜூன் முதல் செப்டம்பர் வரை குடையை விட மழைக்கோட்டும் ரப்பர் செருப்பும் உதவும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. அன்றிலிருந்து ஊரே வானிலை எச்சரிக்கையை அக்கறையாகக் கவனிக்கிறது. பெருமழையும் கடலின் உயர் அலையும் ஒரே நேரத்தில் வந்தால் தண்ணீர் வடிய வழியில்லாமல் ஹிந்த்மாதா, சயன், அந்தேரி சுரங்கப்பாதை போன்ற தாழ்ந்த இடங்கள் நிரம்பிவிடும். சிவப்பு எச்சரிக்கை என்றால் அன்றைய வேலையைத் தள்ளிவையுங்கள். வெளியே மாட்டிக்கொண்டால் தேங்கிய தண்ணீரில் நடக்காமல் பக்கத்து ஸ்டேஷனிலோ கடையிலோ ஒதுங்குங்கள், யாராவது டீயும் பிஸ்கட்டும் கொடுப்பார்கள்.

திரும்பிப் போகும் நாள்

ஞாயிற்றுக்கிழமை என்றால் முந்தின நாளே மெகா பிளாக் அறிவிப்பைப் பாருங்கள். தண்டவாளப் பராமரிப்புக்காகப் பகலில் சில மணி நேரம் சில பாதைகளில் லோக்கலை நிறுத்துவார்கள் அல்லது திருப்பிவிடுவார்கள். இரவில் ஏறக்குறைய ஒரு மணிக்கு மேல் விடியற்காலை நான்கு மணி வரை பெரும்பாலும் லோக்கல் கிடையாது. அதிகாலை விமானமோ ரயிலோ இருந்தால் டாக்சிக்கு முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். கூகுள் சொல்லும் நேரத்தோடு ஒரு மணி நேரம் சேர்த்துக் கிளம்புங்கள். சிஎஸ்எம்டியில் 1 முதல் 7 வரை லோக்கல் பிளாட்பாரங்கள், வெளியூர் வண்டிகள் 8 முதல் 18 வரை. இரண்டுக்கும் இடையே நல்ல நடை இருக்கிறது, அதையும் கணக்கில் வையுங்கள். வழியில் எதாவது பிரச்சினை என்றால் ரயில்வே உதவி எண் 139.